வரம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: நெல் வளர்ச்சியில் நமது கைப்பங்கு

அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை என்று எந்த ஊருக்குப் போனாலும், அறுவடை முடிந்த கையோடு தேநீர்க் கடைகளில் ஒரு பேச்சு நடக்கும். ஒரே வட்டை, ஒரே வாய்க்கால், ஒரே இன விதைநெல். விதைத்ததும் ஒரே கிழமையில்தான். ஆனால் வரம்புக்கு இந்தப் பக்கம் ஏக்கருக்கு முப்பது மூடை, அந்தப் பக்கம் இருபதுக்கும் கீழே. காரணம் கேட்டால் பல பதில்கள் வரும். "அவர்ர பூமி நல்ல பூமி", "இவருக்கு விதை கலப்பு", "கண்ணூறு பட்டிட்டு காக்கா", "எல்லாம் நஸீபு".

நஸீபை நாம் மறுக்க வரவில்லை. மழையும் வெள்ளமும் நம் கையில் இல்லை. மண்ணும் பாட்டன் விட்டுப்போன மண்தான். என்றாலும் உழுவது, மட்டப்படுத்துவது, விதைப்பது, தண்ணீர் கட்டுவது, களை எடுப்பது, பசளை போடுவது ஆகிய ஆறு காரியங்களும் நம் கையால் நடப்பவை. இந்த ஆறும் நெற்பயிருக்குள்ளே என்ன செய்கின்றன என்பதை விளங்கிக்கொண்டால் வரம்புக்கு இரு பக்கமும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி விளங்கிவிடும். பசளையும் டீசலும் இன்றைக்கு விற்கிற விலையில் இதை விளங்காமல் வெள்ளாமை செய்வது கடனை விதைப்பதற்குச் சமம்.

கதிர் எப்போது தீர்மானமாகிறது?

நம் வயல்களில் பரவலாகச் செய்யப்படும் பீ.ஜீ. 352 போன்ற இனங்களின் இலக்கத்திலேயே அவற்றின் வயது இருக்கிறது. 35 என்று தொடங்கினால் மூன்றரை மாதம். பீ.ஜீ. 300 மூன்று மாதம். இந்த இனங்கள் பிறந்த இடம் குருநாகல் மாவட்டத்திலுள்ள பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம்.

மூன்றரை மாத நெல்லின் 105 நாட்களை மூன்றாகப் பிரிக்கலாம். பூத்ததிலிருந்து அறுவடை வரை ஏறத்தாழ 30 நாட்கள். தண்டுக்குள்ளே கதிரின் கரு உருவாகியதிலிருந்து பூக்கும்வரை 30 முதல் 35 நாட்கள். இந்த இரண்டு காலமும் எந்த இனத்துக்கும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது முதற்பருவம்தான். அதாவது வேர்விட்டு, இலைவிட்டு, மட்டம் வெடிக்கிற காலம். மூன்றரை மாத இனத்துக்கு அது சுமார் 40 நாட்கள். மூன்று மாத இனத்துக்கு இன்னும் குறைவு.

விளைச்சல் என்பது நான்கு எண்களைப் பெருக்கிவரும் கணக்கு. ஒரு சதுர மீற்றரில் எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை மணி, அவற்றில் எத்தனை மணி நிரம்பியது, நிரம்பிய மணியின் நிறை எவ்வளவு. கதிரின் தொகை முதற்பருவத்தில் தீர்ந்துவிடுகிறது. மணியின் தொகை கதிர்க்கரு உண்டாகும் நாட்களில் தீர்கிறது. நிரம்புவதும் சப்பியாவதும் பூத்தபின் உள்ள ஒரு மாதத்தில் தீர்கிறது. ஆகவே முதல் நாற்பது நாளில் கெடுத்ததை கடைசி நாற்பது நாளில் எவ்வளவு பசளை கொட்டினாலும் மீட்க முடியாது. "பயிர் குடலைக்கு வரட்டும், பிறகு பார்ப்பம்" என்று இருப்பவருக்கு, அதற்குள் கதிரின் கணக்கு முடிந்துவிட்டது என்பது தெரிவதில்லை.

உழவும் மட்டமும்

எருமைகளை விட்டு மிதிப்பித்துச் சேறாக்கிய காலத்திலும், இருசில்லு உழவு இயந்திரம் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் நோக்கம் ஒன்றுதான். சேறாக்கும்போது மண்ணின் நுண்துளைகள் அடைபடுகின்றன. உழவுக்கட்டிக்குக் கீழே ஓர் இறுகிய படை உருவாகிறது. தண்ணீர் கீழே ஒழுகாமல் நிற்பதற்கு அந்தப் படைதான் காரணம்.

முதல் உழவுக்கும் கடைசி உழவுக்கும் இடையே இரண்டு மூன்று கிழமை விடவேண்டும் என்று மூத்தவர்கள் சொன்னதற்கும் காரணம் உண்டு. அந்த இடைவெளியில் களை விதைகள் முளைத்துவிடும். அடுத்த உழவில் அவை புதைந்து அழியும். புதைந்த தாளும் புல்லும் பாதியாவது உக்கிவிடும். வாடகைக்கு எடுத்த இயந்திரம் ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போனால், உக்காத பொருள் சேற்றுக்குள் நொதித்து இளம் வேரைக் கருக்கும். பயிரைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, கூழ்முட்டை நாற்றம் வீசும். ஐதரசன் சல்பைட்டு என்ற வாயுவின் வேலை அது.

மட்டப்படுத்துவதை நம்மில் பலர் அலட்சியம் செய்கிறோம். மேட்டில் தண்ணீர் நிற்காது, அங்கே களை முளைக்கும். பள்ளத்தில் தண்ணீர் ஆழமாக நிற்கும், அங்கே முளை அழுகும், தப்பியதும் மட்டம் வெடிக்காது. ஒரே வயலில் இரண்டு விதமான பயிர் வளர்ந்து, இரண்டு காலத்தில் முற்றும். ஒரு நாள் பலகை கூடுதலாக அடித்தால் மிச்சமாகும் களைநாசினிச் செலவை எவரும் எழுதிவைத்துப் பார்ப்பதில்லை.

எத்தனை புசல்?

விதைப்புக்கு ஏக்கருக்கு இரண்டு புசல் அளவு போதும் என்று விவசாயத் திணைக்களத்தார் சொல்வார்கள். நம்மவர்கள் மூன்றும் நான்கும் விசுக்குவார்கள். "பறவை தின்னும், வெள்ளம் அடிக்கும், கொஞ்சம் கூடப் போட்டாத்தான் நிரவும்" என்பது நியாயம். வெள்ளத்துக்குப் பயந்த கையை நாம் குறைசொல்ல முடியாது. ஆனால் கூடப்போட்ட விதைக்கும் ஒரு விலை உண்டு.

நெல் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் பயிர். இடமும் வெளிச்சமும் கிடைத்தால் ஒரு விதையிலிருந்து பத்து, பதினைந்து மட்டங்கள்கூட வரும். நெருக்கினால் ஒன்றோ இரண்டோ. ஆகவே விதையை இரட்டிப்பதால் கதிர் இரட்டிப்பதில்லை. நெருக்கத்தில் நின்ற தண்டுகள் வெளிச்சத்துக்காக மெலிந்து உயர்கின்றன. அடித்தண்டு வலுவில்லாததால் மார்கழி, தை மாதத்துக் காற்றில் சாய்கின்றன. காற்றோட்டம் இல்லாத அந்த அடிப்பகுதி ஈரமும் நிழலுமாக இருப்பது கபிலநிறத் தத்திக்கு வாய்ப்பான வீடு. நம் கமக்காரர் அதை அறக்கொட்டியான் என்பார்கள். வட்டம் வட்டமாக வயல் கருகிப்போன பிறகு மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அந்த வட்டம் விதைத்த அன்றே தொடங்கிவிட்டது.

நாற்று நடுவோர் குறைந்து போனதற்குக் கூலிதான் காரணம். இப்போது சில இடங்களில் தட்டுகளில் நாற்று வளர்த்து வீசுகிற 'பரசூட்' முறை வந்திருக்கிறது. விதை குறைவு, களையை முந்திக்கொள்ளும் பலம், இரண்டும் அதில் உண்டு. ஆள் கிடைத்தால் யோசிக்கத் தகுந்த முறை.

தண்ணீர் மருந்தும்தான்

நெல் தண்ணீர்ப் பயிர் என்பது பாதி உண்மை. நெல் தண்ணீரைத் தாங்கும் பயிர். அதன் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் இருக்கின்றன. இலை வழியாக வரும் ஒட்சிசன் அவற்றினூடாக வேர் நுனிக்குப் போகிறது. மற்றச் செடிகள் மூச்சுமுட்டிச் சாகிற சேற்றில் நெல் பிழைப்பது இதனால்தான். தண்ணீர் கட்டுவதால் நெல்லுக்குக் கிடைக்கும் பெரிய இலாபங்களில் ஒன்று, களைகள் மூச்சுமுட்டிப் போவது.

ஆகவே ஆழம் முக்கியம். இரண்டு முதல் ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் களையை அடக்கும், மட்டத்தைத் தடுக்காது. முழங்கால் மட்டத்துக்குக் கட்டினால் மட்டம் வெடிப்பது குறையும். இடையிடையே வடியவிட்டு, மண்ணில் மெல்லிய வெடிப்பு விழும்வரை காயவிட்டு, மறுபடி கட்டினால் வேர் ஆழமாக இறங்கும், நச்சு வாயுக்கள் வெளியேறும். ஆனால் குடலைப் பருவத்திலும் பூக்கும்போதும் இந்த விளையாட்டுக் கூடாது. அந்தக் காலத்தில் ஒரு கிழமை வரட்சி வந்தாலும் மகரந்தம் கெட்டு, கதிர் நிமிர்ந்தபடி சப்பியாக நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வடியவிட்டவருக்குத் திரும்பவும் தண்ணீர் கிடைக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கு அந்த நம்பிக்கை இல்லை. "இண்டைக்கு வந்தத விட்டா நாளைக்கு வருமா?" என்று பயந்து தேக்கிவைக்கிறார். பயிரின் வளர்ச்சி இங்கே வட்டவிதானையின் முறையோடும் அயலவரின் நடத்தையோடும் சேர்ந்துவிடுகிறது.

கல்லோயா இடதுகரையில் 1980களின் முற்பகுதியில் நடந்த வேலை இதற்கு நல்ல சான்று. கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளைக் கமக்காரரிடையே தங்கவைத்து வாய்க்கால்தோறும் குழுக்களை அமைத்தன. தூர்ந்த வாய்க்கால்களைக் கமக்காரரே துப்புரவாக்கினார்கள். தலைமாட்டில் இருந்த சிங்களக் குடியேற்றவாசிகள் தண்ணீரை மிச்சப்படுத்தி, கால்மாட்டில் இருந்த தமிழ் பேசும் கமக்காரருக்கு விட்ட சம்பவங்களும் அதில் உண்டு. புதிய விதையும் புதிய பசளையும் இல்லாமல், ஒழுங்கான தண்ணீர் முறையாலேயே கடைசி வயல்களும் பயிர் கண்டன. அந்த அனுபவத்தை நோர்மன் அப்ஹொஃப் 1992இல் நூலாகவே எழுதினார்.

முந்திக்கொள்ளும் களை

நெல் வயலில் களையோடு போட்டி உச்சமாக இருப்பது முதல் ஐந்தாறு கிழமைகள்தான். மட்டம் வெடிக்கிற காலமும் அதுவே. இரண்டு மாதம் கழித்துக் களை பிடுங்குவது கண்ணுக்கு அழகு. கதிரின் தொகைக்கு அதனால் பலனில்லை.

களைநாசினி வந்தபின் பெண்களின் கைக்களை குறைந்தது. ஆனால் ஒரே மருந்தை ஒவ்வொரு போகமும் அடித்தால், அதற்குச் சாகாத களை மட்டும் மிஞ்சி விதை போடும். அதைவிடப் பெரிய தலைவலி களைநெல். அதுவும் நெல்தான் என்பதால் சாதாரண மருந்துக்கு நெல்லையும் அதையும் பிரித்தறிய முடியாது. அறுவடைக்கு முன்பே மணியை உதிர்த்துவிட்டு, அடுத்த போகத்துக்குக் காத்துக் கிடக்கும். வெட்டு மெசினில் ஒட்டிக்கொண்டு வட்டை விட்டு வட்டை போகும். சுத்தமான விதைநெல், மெசினைக் கழுவிவிட்டு இறக்குவது, உழவுக்கு இடையில் முளைக்கவிட்டு அழிப்பது: இம்மூன்றும் கைப்பழக்கத்தால் வரும் மருந்து. கடையில் கிடைக்காது.

யூரியா எங்கே போகிறது?

யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஐம்பது கிலோ மூடையில் 23 கிலோ. பயிரின் பச்சைக்கும் மட்டத்துக்கும் மணிக்கும் நைதரசன் வேண்டும். ஆனால் வயலில் வீசிய யூரியாவில் பெரும்பாலும் பாதிகூடப் பயிருக்குள் போவதில்லை. மிச்சம் எங்கே?

தண்ணீருக்குள் விழுந்த யூரியா அமோனியமாக மாறுகிறது. பகலில் வயல் தண்ணீரிலுள்ள பாசி வெயிலில் வேலைசெய்து தண்ணீரைக் காரமாக்குகிறது. காரத் தண்ணீரில் அமோனியம் அமோனியா வாயுவாகி ஆகாயத்துக்குப் போகிறது. இன்னொரு பகுதி, மண்ணின் மேற்படையில் நைத்திரேற்றாகி, ஒட்சிசன் இல்லாத கீழ்ப்படைக்கு இறங்கி, அங்குள்ள நுண்ணங்கிகளால் வெறும் நைதரசன் வாயுவாக மாறிப்போகிறது. வாய்க்காலோடு ஓடுவதும் உண்டு. அதனால்தான் தண்ணீரை வடித்து மெல்லிய ஈரத்தில் வீசி, பிறகு தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். உச்சிவெயிலைவிட மாலை நல்லது. மழை இருட்டிவரும்போது வீசுவது காசை வாய்க்காலில் விடுவது. ஒரே தரத்தில் கொட்டாமல் பங்குபோட்டுக் கொடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். அதிலும் ஒரு பங்கு கதிர்க்கரு உண்டாகும் நாட்களை ஒட்டி விழவேண்டும்.

அளவு கூடினாலும் ஆபத்து. கரும்பச்சை வயலைப் பார்த்து ஊரே மெச்சும். அந்தப் பச்சையில் மென்மையான இலை, நீண்ட மெல்லிய தண்டு, எரிபந்த நோய்க்குத் திறந்த கதவு எல்லாம் சேர்ந்திருக்கும். பொற்றாசியம் போதாமல் நைதரசன் மட்டும் கூடினால் பயிர் படுத்துவிடும், மணியும் சரியாக நிரம்பாது. யூரியா பச்சையைக் காட்டும், பொற்றாசியம் எதையும் காட்டாது. அதனால்தான் கைமுட்டு வந்தால் முதலில் வெட்டப்படுவது பொற்றாசியமாகிவிட்டது.

2021 கற்றுத்தந்த கணக்கு

1962 தொட்டு மானியப் பசளைக்குப் பழகிய நாட்டில், 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியால் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டது. 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேல் வீழ்ந்தது. கிழக்கில் கடன்பட்ட குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு எண்களாகத் தெரிந்ததல்ல.

ஏன் அப்படி ஆயிற்று? சேதனப் பசளை கெட்டது என்பது விடையல்ல. கணக்கும் காலமும்தான் விடை. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று முதல் இரண்டு வீதம். ஒன்றரை வீதம் என்று வைத்தால், ஒரு மூடை யூரியாவிலுள்ள 23 கிலோ நைதரசனுக்கு ஏறத்தாழ 1,500 கிலோ கூட்டெரு வேண்டும். அதிலும் முழுவதும் அந்தப் போகத்திலேயே கிடைக்காது. நுண்ணங்கிகள் உடைத்து உடைத்துத்தான் கொடுக்கும். நாற்பது நாளில் மட்டக் கணக்கை முடித்துவிடும் புதிய இனங்களுக்கு அந்த நிதானம் பொருந்தவில்லை.

அத்தோடு அவசரத்தில் வந்த எருவில் சரியாக உக்காததும் இருந்தது. உக்காத பொருளில் காபன் அதிகம், நைதரசன் குறைவு. அதை உடைக்கிற நுண்ணங்கிகளுக்கும் நைதரசன் வேண்டும். அவை மண்ணிலிருந்த நைதரசனையும் எடுத்துக்கொள்ளும். எரு போட்ட வயல் எரு போடாத வயலைவிட மஞ்சளாக நின்றால், அதற்கு இது காரணமாக இருந்திருக்கலாம்.

இது புதிய அறிவல்ல. பதினோராம் நூற்றாண்டில் தொலிதோவில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால் மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, எருவைப் பற்றித் தனியே எழுதினார். நூறாண்டு கழித்து செவில்லில் இப்னுல் அவ்வாம் தமது 'கிதாபுல் ஃபிலாஹா'வில், பசிய எருவைவிட நன்கு பழுத்து உக்கிய எருவே பயிருக்கு உகந்தது என்ற அனுபவத்தை விரித்துரைத்தார். இரசாயனம் என்ற சொல் வயலுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தலூசியக் கமக்காரர் அறிந்திருந்ததை, 2021இல் ஒரு நாடே மறந்துபோனது.

எரிக்கிற வைக்கோல்

தடை போய்விட்டது, பழையபடி யூரியா என்று இருந்துவிடவும் முடியாது. விலை அப்படி. இங்கேதான் வைக்கோலைப் பற்றிப் பேசவேண்டும். நெல் மண்ணிலிருந்து எடுத்த பொற்றாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. நைதரசனில் ஐந்தில் இரண்டு பங்கு. தண்டுக்கு வலுக்கொடுக்கும் சிலிக்காவும் அதிலேதான். ஒரு காலத்தில் வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலை வாங்கியது, மாடுகளும் தின்றன. இப்போது வெட்டு மெசின் வரிசை வரிசையாக வயலிலேயே விட்டுப்போகிறது. நாம் நெருப்பு வைக்கிறோம். நைதரசன் புகையாகப் போகிறது. மிஞ்சிய சாம்பலிலுள்ள பொற்றாசியம் ஓரிடத்தில் குவிந்து மழையோடு கழுவுப்படுகிறது. பிறகு அதே பொற்றாசியத்தைக் கப்பலில் வரவழைத்து வாங்குகிறோம்.

வைக்கோலைப் பரப்பிவிட்டு, முதல் உழவிலேயே புதைத்து, விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமையாவது உக்கவிட்டால் போதும். ஒரு போகத்தில் அதிசயம் நடக்காது. நாலைந்து போகத்தில் மண்ணின் நிறமும் பதமும் மாறும். குத்தகைக் காணியில் செய்பவர் இதற்கு முன்வருவதில்லை. அடுத்த போகம் அந்தக் காணி யாருக்கோ. காணிக்காரர் குத்தகையை நாலைந்து வருடத்துக்கு எழுதிக்கொடுத்தால் அவரின் மண்ணும் பிழைக்கும்.

மடகஸ்காரிலிருந்து வந்த பாடம்

1983இல் மடகஸ்காரில் ஹென்றி த லோலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார், பதினைந்து நாளுக்கு உட்பட்ட இளநாற்றை ஒவ்வொன்றாக, அகல இடைவெளியில் நட்டு, தண்ணீரை விட்டுவிட்டுக் கட்டி, உருளைக் கருவியால் களை எடுத்தால் நெல் வழமைக்கு மாறாக மட்டம் வெடிப்பதைக் கண்டார். அதை உலகுக்குப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கல்லோயாவில் வேலைசெய்த அதே அப்ஹொஃப். விளைச்சல் பற்றிச் சொல்லப்பட்ட மிகப் பெரிய எண்களை நெல் விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. அந்த விவாதம் நியாயமானது. ஆயினும் இளநாற்று, இடைவெளி, மூச்சுவிடும் மண் ஆகியவை பயிருக்கு உதவுகின்றன என்பதில் பெரிய பிணக்கில்லை. விதைப்பு வயலில் அப்படியே செய்ய இயலாது. ஆனால் புசலைக் குறைப்பதும் தண்ணீரை இடையிடையே வடியவிடுவதும் எவருக்கும் இயலும்.

மணல் வளவில்

காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற கரையோர ஊர்களின் வீட்டுத்தோட்டங்களுக்கு இந்தக் கணக்கு மறுபக்கமாக நிற்கிறது. வயலில் தண்ணீர் நிற்பது பிரச்சினை, மணலில் நிற்காததுதான் பிரச்சினை. ஊற்றிய தண்ணீரும் பசளையும் வேரைத் தாண்டிக் கிணற்றுப் பக்கம் போய்விடும். அதனால் பசளையை ஒரு பிடியாகப் போடாமல் சிறிது சிறிதாகப் பலமுறை போடவேண்டும். தென்னையைச் சுற்றிப் பொச்சுமட்டை புதைப்பதும், கத்தரி, மிளகாய்க்கு அடியில் சருகு பரப்புவதும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மணலுக்கு உக்கிய எருவைப் போல் வேறு நண்பன் இல்லை. வயலில் தடுமாறிய கூட்டெரு இங்கே தன் முழுப் பலனையும் தரும்.

ஒரு கீலம் போதும்

முழு வயலிலும் புதிதாகச் செய்து பார்க்கும் துணிவு கடன்பட்டவருக்கு வராது. வரவும் தேவையில்லை. வருகிற பெரும்போகத்தில் வயலின் ஓரமாக ஒரு கீலத்தை மட்டும் ஒதுக்குங்கள். அங்கே ஏக்கருக்கு இரண்டு புசல் கணக்கில் விதையுங்கள். வைக்கோலை எரிக்காமல் புதையுங்கள். யூரியாவை வடித்த ஈரத்தில் பங்குபோட்டு வீசுங்கள். ஐம்பதாம் நாள் ஒரு சதுர மீற்றரில் மட்டங்களை எண்ணி, மற்றப் பக்கத்திலும் எண்ணுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே நிறுங்கள். செலவையும் சேர்த்துப் பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதிவையுங்கள். மூன்று போகம் எழுதினால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத, உங்கள் வயலுக்கே உரிய பதில் அந்தக் கொப்பியில் இருக்கும்.